பழைய அச்சுச் சித்திரங்கள்

தாம்பரத்தில் மின்தொடர்வண்டி ஏறிக் கோட்டை நிலையத்தில் இறங்குவோர், சிறிது தொலைவிலேயே புனித ஜார்ஜ் கோட்டையைக் காண்பர். கோட்டைக்கும் கடலுக்கும் இடையே இன்று சாலையும் நிலப்பரப்பும் உள்ளன. ஆயின், 1797ஆம் ஆண்டில் வெளிவந்த அச்சுச் சித்திரம் ஒன்றில், அலைகடல் அக்கோட்டையை அடுத்தே விளங்குகின்றது. சித்திரம் பொய்யன்று. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் துறைமுகம் அமைக்கப்பட்டபின், அதன் தென்புறத்தே மணல் சேர்ந்தமையால் கடல் விலகியது. மறைந்த கடற்கரைக்கு அச்சித்திரம் சான்றாயிற்று.

அதனை ஆக்கியோர் தாமஸ் டேனியலும் அவர்தம் உடன்பிறந்தார் மகனாகிய வில்லியம் டேனியலும் ஆவர். ஆங்கிலேய ஓவியராகிய அவ்விருவரும் 1786இல் இந்தியாவை அடைந்தனர்; 1792இல் தென்னாட்டில் பயணம் செய்து, மதுரைத் திருமலை நாயக்கர் அரண்மனை முதலியவற்றை வரைந்தனர். தாயகம் மீண்டபின், 1795 முதல் 1808 வரை 144 சித்திரங்களை 'ஓரியண்டல் சீனரி' என்னும் பெயரால் வெளியிட்டனர். ஒளிப்படக்கலை உலகிற்கு அறிவிக்கப்பட்டது 1839இலேயாம். அதற்கு முற்பட்ட கட்டடங்களின் தோற்றத்தை அறிய இத்தகைய சித்திரங்கள் பெரிதும் துணைபுரிகின்றன.

இவை அச்சிடப்பட்ட முறை நுட்பமானது. செப்புத் தகட்டின்மேல் குங்கிலியப் பொடியைத் தூவி, சூடேற்றிப் படியவைப்பர். பின்னர்த் தகட்டினை அமிலத்தில் இடுவர். பொடி படியாத இடங்களை அமிலம் அரிக்கும். அரிப்பின் ஆழத்திற்கேற்ப மை தங்கி, தாளில் மெல்லிய நிழலும் அடர்ந்த நிழலும் தோன்றும். படிகள் பலவற்றிற்குக் கையால் வண்ணம் தீட்டினர். தகட்டின் விளிம்பு அழுந்திய தடம் தாளின் ஓரத்தில் காணப்படுதல் உண்டு. பிற்காலத்து இயந்திரப் படியை உருப்பெருக்கியால் நோக்கின், ஒழுங்குபட்ட புள்ளிகள் தென்படும். உண்மைப் படியை அறிய இவை உதவும்.

இவற்றைத் திரட்டுவோர்க்குப் பொருளினும் பொறுப்பே மிகுதியும் வேண்டும். பழைய நூல்களைப் பிரித்துத் தாள்தாளாக விற்பாரும் உளர். நூல் சிதைந்தால், இடத்தையும் காலத்தையும் கூறும் விளக்கவுரை சித்திரத்தினின்றும் பிரிந்துவிடும். ஊரும் பேரும் அறியப்படாத சித்திரம் சுவருக்கு அழகு செய்யுமேயன்றி, வரலாற்றிற்குச் சான்று கூறாது. வெயிலொளி வண்ணத்தை வெளிறச் செய்யும். ஈரம் தாளைக் கெடுக்கும். ஆதலின், இவ்விரண்டும் அணுகாதவாறு போற்றல் வேண்டும்.

1948இல் திறக்கப்பட்ட கோட்டை அருங்காட்சியகத்தில் டேனியல்களின் சித்திரங்கள் இடம்பெற்றுள்ளன. விலை கொடுத்து வாங்க இயலாத மாணவரும், சித்திரத்தையும் அதில் காட்டப்பெற்ற இடத்தையும் ஒப்புநோக்கிக் குறிப்பெழுதலாம். அதுவும் சிறந்த தொகுப்பேயாம்.