சுவடு சொல்லும் கணக்கு

கூட்டவும் கழிக்கவும் பெருக்கவும் முடிகிற எண் அமைப்பைக் கணிதத்தில் வளையம் என்பார்கள். முழு எண்கள் ஒரு வளையம். பல்லுறுப்புக் கோவைகள் இன்னொன்று. ஒரு வளையத்தின் உறுப்புகளைக் கொண்டு எல்லா அளவிலும் அணிகளை அமைத்தால், அந்தப் பெருந்திரளில் மாறாமல் நிற்பவை எவை? அவற்றைக் கே0, கே1, கே2 என்று குலங்களின் வரிசையாகப் பதிவு செய்வது இயற்கணிதக் கே-கோட்பாடு. 1957இல் குரோதெண்டீக் வித்திட்டார். 1970களின் தொடக்கத்தில் டேனியல் குவில்லன் வரிசை முழுவதற்கும் வரையறை தந்தார். ஆனால் வரையறுப்பது வேறு, கணக்கிடுவது வேறு. முழு எண்களின் கே3 குலத்தில் 48 உறுப்புகள் உண்டு என்று 1976இல் லீயும் ஷார்பாவும் நிறுவினர். கே4 சுழி என்று ரோக்னெஸ் நிறுவியது 2000இல். ஒரு படி ஏற இத்தனை காலம் பிடிக்கும் கோட்பாட்டை நேராக மோதி வெல்ல முடியாது. ஹோமாலஜி எனப்படும், அதைவிட எளிய குலங்களோடு ஒப்பிடுவதே சரியான வழி என்பதை, கடந்த நாற்பது ஆண்டுகளின் வரலாறு காட்டுகிறது.

அந்த ஒப்பீட்டின் வேர் பள்ளிக் கணிதத்திலேயே இருக்கிறது. ஒரு சதுர அணியின் முதன்மை மூலைவிட்ட உறுப்புகளைக் கூட்டினால் வருவது அதன் சுவடு. தன்னைத்தானே பெருக்கினாலும் மாறாத அணி ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் உறுப்புகள் விகிதமுறு எண்கள் என்றால், சுவடும் தரமும் ஒன்றே. இத்தகைய அணிகளே கே0 குலத்தின் மூலப்பொருள். அவற்றின் சுவடு சென்று சேரும் இடம், ஹோக்‌ஷில்ட் பெயரால் வழங்கும் ஹோமாலஜியின் முதல் படி. கே-கோட்பாட்டின் மேல்படிகளிலிருந்தும் இதேபோல் ஹோமாலஜிக்கு ஒரு பாதை உண்டு. அதற்கு டென்னிஸ் சுவடு என்று பெயர். ஹோமாலஜி நேரியல் கணக்குகளால் ஆனது. ஆகவே அதைக் கணக்கிட முடிகிறது.

சுவடு எடுத்தால் செய்தி தொலைந்துவிடாதா என்று கேட்கலாம். தொலையும். 0, 1 இரண்டே உறுப்புகள் கொண்ட புலத்தில் 1+1=0. அங்கே 2×2 அலகு அணியின் தரம் 2, சுவடோ சுழி. ஆனால் இதற்காகச் சுவட்டைக் கைவிட வேண்டியதில்லை. 1980களின் தொடக்கத்தில் ஆலன் கோன், சைகன் ஆகியோர் தனித்தனியே சுழற்சி ஹோமாலஜியைக் கண்டனர். 1986இல் குட்வில்லி ஒரு தேற்றம் நிறுவினார். விகிதமுறு எண்களைக் கொண்ட ஒரு வளையத்தில், போதிய முறை பெருக்கினால் சுழியாகிவிடும் உறுப்புகளின் தொகுதியான சீர்மத்தைச் சுழியாக்கி நீக்கினால் கே-கோட்பாடு எவ்வளவு மாறுமோ, சுழற்சி ஹோமாலஜியும் ஒரு படி தள்ளி அவ்வளவே மாறும். முழுக் கோட்பாட்டைச் சொல்லாத சுவடு, மாற்றத்தைப் பிசகாமல் சொல்லிவிடுகிறது.

விகிதமுறு எண்கள் இல்லாத இடத்தில் என்ன செய்வது என்பது அடுத்த, இன்னும் வலுவான மறுப்பு. 4ஆல் வகுத்து வரும் மீதிகளான 0, 1, 2, 3 ஒரு வளையம். இதில் 2×2 சுழி. அந்த 2ஐச் சுழியாக்கி நீக்கினால் முன்சொன்ன இரண்டு உறுப்புப் புலம் மிஞ்சும். அதன் கே-குலங்கள் எல்லாவற்றையும் குவில்லன் 1972இல் கணக்கிட்டுவிட்டார். ஆயினும் குட்வில்லியின் தேற்றம் இங்கே செல்லாது. பியோக்ஸ்டெட், ஷியாங், மேட்சன் மூவரும் 1993இல் வெளியிட்ட இடவியல் சுழற்சி ஹோமாலஜி இந்தக் குறையைத் தீர்த்தது. முன்பு சுழி தந்த 2×2 அலகு அணிக்கு இதில் கிடைக்கும் சுவடு, 2-அடிக் எண்கள் என்னும் எண் அமைப்பிலுள்ள 2; அது சுழியன்று. டுண்டாஸ், குட்வில்லி, மெக்கார்த்தி தேற்றத்தின்படி மாற்றங்களின் ஒப்பீடும் எல்லா வளையங்களுக்கும் செல்லும். இந்தப் பாலத்தின் வழியே, 4 போன்ற பகா எண் அடுக்குகளின் மீதி வளையங்களுக்குக் கே-குலங்களைக் கணக்கிடும் முறையை 2022இல் ஆண்டியோ, கிராவுஸ், நிகோலாஸ் அறிவித்தனர்.

இதனால் யாருக்குப் பயன் என்போருக்கும் பதில் உண்டு. கோளங்களின் இடவியலில் ரேவனெல் 1984இல் முன்வைத்த தொலைநோக்கி அனுமானம் தவறென்று 2023இல் பர்க்லண்ட், ஹான், லெவி, ஷ்லாங்க் நிறுவியபோது, அவர்களுக்குக் கைகொடுத்தவை இயற்கணிதக் கே-கோட்பாடும் இந்தச் சுவடு முறைகளுமே. கடைத்தெருவுக்கு நாளை என்ன தரும் என்பதை வைத்து மட்டும் இத்துறையை எடைபோடுவது நியாயமில்லை. எட்டாத ஒன்றை, எட்டுகிற ஒன்றின் துணையால், எங்கே பிழை வரும் என்று தெரிந்தே அளக்கலாம் என்பதை அது ஐயமின்றி நிறுவியிருக்கிறது.