கையளித்த வீதியை யார் பராமரிப்பது? மன்னார் பாதீட்டில் எழுதப்படாத செலவு

உள்ளூராட்சி சபைகளின் நிதியாண்டு டிசம்பர் 31 ஆம் திகதியுடன் முடிவடைவதால், அடுத்த ஆண்டுக்கான பாதீடு அதற்கு முன்னர் சபையில் வாக்கெடுப்புக்கு வந்தாக வேண்டும். மன்னார் தீவில் நகர சபையும் பிரதேச சபையும் இந்தக் காலக்கெடுவுக்கு உட்பட்டவையே. திகதி நெருங்க நெருங்க வந்து சேர்ந்த வாசகர் கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே முரண்பாட்டைச் சுற்றியே அமைந்துள்ளன: சபையில் வாசிக்கப்படும் பாதீடு மிகைப் பாதீடு என்று அறிவிக்கப்படும்போது, வீட்டு வாசலில் உள்ள வடிகால் மணலால் தூர்ந்து, அதன் கொங்கிறீற் மூடி உடைந்து, மாரியில் ஒழுங்கை முழுவதும் நீர் நிற்பது ஏன் என்பதே அக்கேள்வி. இதற்கு விடை காண, "மிகை" எனப்படுவது எதை அளக்கிறது, எதை அளக்காமல் விடுகிறது என்பதைப் பார்க்க வேண்டும்.

ஓராண்டில் கைக்கு வரும் என்று மதிப்பிடப்பட்ட பணம், கையிலிருந்து போகும் என்று மதிப்பிடப்பட்ட பணத்தை விடக் கூடுதலாக இருந்தால் அது மிகை. அதற்கு மேல் அச்சொல்லுக்குப் பொருள் இல்லை. செய்ய வேண்டிய வேலைகள் எல்லாம் செலவுப் பக்கத்தில் எழுதப்பட்டுவிட்டன என்ற உறுதியை அது தருவதில்லை. வடிகால்களைத் தூர்வாரும் செலவை எழுதாமல் விட்டால், அந்தத் தொகை அளவுக்கு மிகை கூடும். ஒரு வீதி அந்த ஆண்டில் எவ்வளவு தேய்ந்தது, அதை முந்தைய நிலைக்குக் கொண்டுவர எவ்வளவு வேண்டும் என்ற கணக்கு யாருக்கும் கொடுக்கப்படும் பணம் அல்ல என்பதால், அது பாதீட்டின் எந்தத் தலைப்பின் கீழும் வருவதில்லை. ஆகவே மிகைப் பாதீட்டை நல்ல நிருவாகத்தின் சான்றாகக் காட்டுவதை வாசகர் அப்படியே ஏற்றுக்கொள்ளத் தேவையில்லை.

இதைவிட ஆழமான சிக்கல், வீதி போடும் பணமும் வீதியைக் காக்கும் பணமும் வெவ்வேறு வழிகளில் வருவதில் உள்ளது. புதிய வீதி, வடிகால், சந்தைக் கட்டடம் போன்றவை மூலதனச் செலவு. இவற்றுக்கான பணம் பெரும்பாலும் வெளியிலிருந்து, அதாவது மாகாணத்துக்கெனக் குறித்தொதுக்கப்பட்ட அபிவிருத்தி நன்கொடை, பாராளுமன்ற உறுப்பினர்களின் பன்முகப்படுத்தப்பட்ட நிதி, போருக்குப் பின் வடக்கிலும் கிழக்கிலும் உலக வங்கி உதவியுடன் நடந்து "நெல்சிப்" என்று ஊரறிந்த திட்டம், அதன் பின் வந்த உள்ளூர் அபிவிருத்தி உதவித் திட்டம் போன்றவற்றிலிருந்து கிடைக்கிறது. குழி அடைப்பது, தூர்வாருவது, உடைந்த மூடியை மாற்றுவது ஆகியவை மீண்டெழும் செலவு, அதாவது ஆண்டுதோறும் திரும்ப வரும் செலவு. இவற்றைச் சபை தன் சொந்த வருமானமான சோலைவரி, சந்தைக் குத்தகை, உரிமக் கட்டணம், மாகாணத்தின் ஊடாக வந்து சேரும் முத்திரைத் தீர்வை, நீதிமன்றத் தண்டப்பணம் ஆகியவற்றிலிருந்தே பார்த்துக்கொள்ள வேண்டியுள்ளது. திட்டம் முடிந்ததும் சொத்து சபையிடம் கையளிக்கப்படுகிறது. கையளிப்பு எனும் இந்த நடவடிக்கையில் சபைக்கு ஒரு சொத்துக் கிடைத்ததாகவே பதிவாகிறது; அந்தச் சொத்தோடு பல ஆண்டுகளுக்கான ஒரு கடமையும் கைமாறியது என்பது எங்கும் பதிவாவதில்லை.

இதற்குக் கண்முன் உள்ள சான்று வீதி முகப்பில் நிற்கும் பெயர்ப்பலகை. திட்டத்தின் பெயர், நிதி வழங்கியவர், வீதியின் நீளம், செலவான தொகை, ஒப்பந்தகாரர், திறந்து வைத்தவர் என எல்லா விபரங்களும் பொறிக்கப்படும் அப்பலகையில், அந்த வீதியை அடுத்த பத்தாண்டுகளுக்கு எந்தத் தலைப்பிலிருந்து, ஆண்டுக்கு எவ்வளவு செலவிட்டுப் பராமரிப்பார்கள் என்ற ஒரு வரி இருப்பதில்லை. ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனுதவியுடன் நடந்த ஐ-றோட் திட்டம், வீதி போட்டு முடிந்த பின்னரும் சில ஆண்டுகள் பராமரிக்கும் பொறுப்பை ஒப்பந்தத்துக்குள்ளேயே வைத்தது என்பது இங்கு குறிப்பிடத்தக்க விதிவிலக்கு. ஆயினும் அந்த ஆண்டுகள் கழிந்ததும் கேள்வி மீண்டும் அதே இடத்துக்கே வந்து சேருகிறது.

மன்னார் தீவில் இந்த இடைவெளியின் விலை மற்ற இடங்களை விடக் கூடுதலாகும். நிலம் தட்டையானது, மண் மணற்பாங்கானது, நிலத்தடி நீர் மாரியில் கையெட்டும் ஆழத்துக்கு உயர்ந்துவிடுகிறது. இத்தகைய நிலத்தில் 100 மீற்றர் நீளமுள்ள வடிகாலுக்கு 20 சென்ரிமீற்றர் சரிவு கிடைப்பதாகக் கொண்டால், அதன் வாயில் 10 சென்ரிமீற்றர் மணல் படிந்ததும் மேற்பக்கம் 50 மீற்றர் தூரத்துக்கு நீர் அசையாமல் நின்றுவிடும். அதாவது ஒரு சாண் அளவு கூட இல்லாத மணல், பல இலட்சம் ரூபா செலவில் கட்டிய வடிகாலின் பாதியைப் பயனற்றதாக்கிவிடுகிறது. அதை அகற்றத் தேவையானவை இரண்டு தொழிலாளர், மண்வெட்டி, ஒரு உழவு இயந்திரப் பெட்டி மட்டுமே. அகற்றாமல் விட்டால் தேங்கிய நீர் வீதியின் ஓரத்தை ஊறவைக்க, ஓரம் உடைந்து தார் விளிம்பிலிருந்து பெயரத் தொடங்க, சில மாரிகளில் முழு வீதியையும் மீளப் போட வேண்டிய நிலை வருகிறது. அந்த மீள்போடலுக்கு மட்டும் வெளியிலிருந்து பணம் கிடைக்கும். மூலதனச் செலவு ஆகிவிட்டதல்லவா. கவனியாமல் விட்ட சபைக்குப் புதிய வீதியும், ஒழுங்காகத் தூர்வாரிய சபைக்குத் தன் கைக்காசுச் செலவும் கிடைக்கும் இந்த ஏற்பாடே இவ்விடயத்தில் மிகவும் கவலைக்குரியது. உலக வங்கியின் 1994 ஆம் ஆண்டு உலக அபிவிருத்தி அறிக்கை, ஆபிரிக்க நாடுகள் அதற்கு முந்தைய பத்தாண்டில் 12 பில்லியன் டொலரை உரிய நேரத்தில் வீதிப் பராமரிப்புக்குச் செலவிட்டிருந்தால் 45 பில்லியன் டொலர் மீளமைப்புச் செலவைத் தவிர்த்திருக்கலாம் என்று கணக்கிட்டது.

மீளப் போடும் முறையும் நடந்து செல்வோருக்குத் தீங்கானதாக அமைகிறது. பழைய தளத்தைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே 5 சென்ரிமீற்றர் காப்பற் விரித்தால், ஒவ்வொரு முறையும் வீதி அந்த அளவு உயர்கிறது, படலை இருந்த இடத்திலேயே இருக்கிறது. சக்கர நாற்காலி தானாக ஏறக்கூடிய சரிவு 1:12, அதாவது ஓர் அங்குல உயரத்துக்குப் பன்னிரண்டு அங்குல நீளச் சாய்வு என்பது கட்டட விதிகளில் பரவலாக ஏற்கப்பட்ட அளவு. அதன்படி, 5 சென்ரிமீற்றர் காப்பற் ஒவ்வொரு படலைக்கும் மேலும் 60 சென்ரிமீற்றர் சாய்வைக் கேட்கிறது. மூன்று முறை காப்பற் ஏறிய ஒழுங்கையில் அது 180 சென்ரிமீற்றர். வீதிக்கான மதிப்பீட்டில் இந்தச் சாய்வு எழுதப்படாவிட்டால், போரில் காலிழந்த ஒருவர், முதுமையில் ஊன்றுகோலுடன் நடக்கும் ஒருவர், குழந்தை வண்டியைத் தள்ளும் தாய் ஆகியோருக்கு அந்த வீதி பழைய கிரவல் பாதையை விடக் கடினமானதாகிறது. அதே நீளம், அதே தொகை, அதே பெயர்ப்பலகையுடன் அது "நிறைவு செய்யப்பட்ட வீதி" என்றே அறிக்கையில் சேர்கிறது.

சட்டம் இல்லை என்பதல்ல குறை. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் 28 ஆம் இலக்கச் சட்டம் 1996 இல் வந்தது. அணுகுவசதி தொடர்பான ஒழுங்குவிதிகள் 2006 ஒக்டோபரில் வர்த்தமானியில் வெளியாகி, இருக்கும் பொதுக் கட்டடங்களை மாற்றியமைக்க மூன்று ஆண்டு அவகாசம் கொடுத்தன. அந்த அவகாசம் பின்னர் நீட்டிக்கப்பட்டது. 2011 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் இதைக் கட்டாயப்படுத்தி உத்தரவிட்டது, 2016 பெப்ரவரியில் இலங்கை மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் தொடர்பான ஐக்கிய நாடுகளின் சமவாயத்தையும் ஏற்று உறுதிப்படுத்தியது. ஆனால் இவை அனைத்தும் கட்டட வாசலில் அதிகமும் வீதியில் குறைவுமாகவே உணரப்பட்டுள்ளன. சாய்வுப் பாதை வைத்துக் கட்டிய அலுவலகத்துக்குச் செல்லும் வழியில் வடிகால் மூடி உடைந்திருந்தால் அந்தச் சாய்வுப் பாதையால் ஒருவருக்கும் பயனில்லை. ஆகவே பராமரிப்பும் அணுகுவசதியும் இரு தனித் திட்டங்கள் என்று அதிகாரிகள் பிரித்துப் பேசுவது ஏற்கத்தக்கதல்ல.

ஜப்பானிய உதவியில் கட்டப்பட்டு 2010 மார்ச்சில் திறக்கப்பட்ட மன்னார்ப் பாலம், 2015 மார்ச் 14 இல் தலைமன்னாருக்குத் திரும்பிய புகையிரதம், 2020 டிசம்பரில் 30 காற்றாலைகளுடன் இயங்கத் தொடங்கிய தம்பபவனி ஆகியவை தீவின் பெரிய உட்கட்டமைப்புகளாக எண்ணப்படுகின்றன. ஒவ்வொன்றும் தனக்குரிய நிறுவனத்தையும் நிதியையும் கொண்டது. ஒவ்வொன்றும் தன் எல்லைக்கல்லோடு நின்றுவிடுவது. புகையிரத நிலையத்தை விட்டு இறங்கியதும் தொடங்கும் ஒழுங்கையும், காற்றாலைகளுக்கான உயர்ந்த அணுகு வீதிகள் மறித்து வெள்ளத்தைத் தேக்குவதாக மக்கள் 2025 ஆகஸ்டில் தொடங்கிய போராட்டத்திலும் முறையிட்ட நீர்வழிகளும், மிகக் குறைந்த வருமானமுள்ள நிறுவனமாகிய உள்ளூராட்சி சபையின் வாசலிலேயே வந்து நிற்கின்றன.

பிற நாடுகளில் இதற்கு இரண்டு வழிகள் கண்டுள்ளனர். அமெரிக்காவின் பிலடெல்பியா நகரம் தொடர்பான 1993 ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒன்று, ஒரு வீதியை மீளத் தளமிடுவதே அதை மாற்றியமைப்பதாகும் என்றும், எனவே அப்போதே நடைபாதை முனைகளில் சாய்வு அமைத்தாக வேண்டும் என்றும் கூறியது; பராமரிப்புச் செய்யும் ஒவ்வொரு முறையும் அணுகுவசதி தானாகவே வளர இது வழி செய்கிறது. சக்ரமென்ரோ நகரம் ஒரு வழக்கின் இணக்கத்தில், தன் போக்குவரத்து நிதியில் ஆண்டுக்கு 20 சதவீதத்தை முப்பதாண்டு வரை நடைபாதை அணுகுவசதிக்கென ஒதுக்க உடன்பட்டது. சென்னை மாநகராட்சி 2014 இல் ஏற்ற கொள்கை போக்குவரத்துப் பாதீட்டின் 60 சதவீதத்தை நடப்போருக்கும் மிதிவண்டியில் செல்வோருக்கும் உரியதாக்கியது. எனினும் கட்டிய நடைபாதையை ஆண்டுதோறும் காப்பதற்கான பங்கு தனியாகக் குறிக்கப்படாத இடத்தில் எவ்வளவு உயர்ந்த சதவீதமும் போதாது.

மன்னாரின் சபைகளால் செய்யக்கூடியது, முதலில் பராமரிப்புக்கு ஒரு நிலையான பங்கை எடுத்துவைத்து, மீதியிலேயே புதிய வேலைகளைப் பற்றிப் பேசுவதும், பராமரிப்புச் செலவுக் குறிப்பு இல்லாமல் எந்தச் சொத்தையும் பொறுப்பேற்பதில்லை எனத் தீர்மானிப்பதும் ஆகும். சம்பளச் சுமைக்குப் பின் மிஞ்சுவது சொற்பம் என்ற பதில் உண்மையே. ஆயினும் சொற்பம் என்பதே அதை முதலில் தூர்வாரலுக்குக் கொடுக்கக் காரணம். இதைச் சபையில் கேட்க நெடுநாள் ஆளில்லை: 2023 மார்ச்சில் சபைகள் கலைந்ததிலிருந்து 2025 மே 6 ஆம் திகதித் தேர்தல் வரை செயலாளர்களே நிருவகித்தனர், வடக்கு மாகாண சபையோ 2018 ஒக்டோபரில் பதவிக்காலம் முடிந்த பின் தேர்தலையே காணவில்லை. கேள்வி கேட்கும் உறுப்பினர் இப்போது சபையில் இருக்கிறார்.

வாசகர் கடிதங்களில் எஞ்சிய கேள்விகளுக்குச் சுருக்கமான விடைகள் வருமாறு.

எந்த வீதி யாருடையது? ஏ, பி வகை வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கும், சி, டி வகை வீதிகள் மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்துக்கும், ஏனையவை பெரும்பாலும் உள்ளூராட்சி சபைக்கும் உரியவை.

மன்னார் – மதவாச்சி வீதியின் குழிக்குத் தவிசாளர் பொறுப்பா? இல்லை, அது ஏ-14.

சோலைவரி கொழும்புக்குப் போகிறதா? இல்லை, சபையிலேயே தங்குகிறது.

முன்கூட்டிச் செலுத்தினால் சலுகை உண்டா? ஆண்டு முழுவதற்குமான தொகையை ஜனவரி 31 க்குள் கட்டினால் 10 சதவீதக் கழிவு உண்டு.

பராமரிப்பு ஒப்பந்த விபரங்களைக் கேட்கலாமா? 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எந்தப் பிரசையும் கேட்கலாம்.

பாதீட்டு வரைவு வாக்கெடுப்புக்கு முன் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட வேண்டியது. அந்த நாட்களில் சபை அலுவலகத்துக்குச் செல்லும் வாசகர்கள், மொத்தத் தொகையையும் மிகையையும் விட்டுவிட்டு, மீண்டெழும் செலவில் வீதி, வடிகால் பராமரிப்புக்கு எதிரே எழுதியுள்ள தொகையைக் குறித்துக்கொண்டு, அது தம் வட்டாரத்தின் எந்த ஒழுங்கைக்கு எவ்வளவு என்று எழுத்தில் கேட்டு, அந்தக் கடிதத்தின் பிரதியைத் தம் வட்டார உறுப்பினரிடம் வாக்கெடுப்புக்கு முன்னரே கொடுக்க வேண்டும்.