வெந்நீர்க் கருவியும் உயிர்க்காப்பும்

பிரிக்பீல்ட்ஸில் எங்கள் வீட்டில் ஒரு நாள் ஷவர் குழாயைத் தொட்ட என் தாயாருக்குக் கை சுரீரென்றது. வந்து பார்த்த வயர்மேன், வெந்நீர்க் கருவிக்கு எர்த் கம்பியே இணைக்கப்படவில்லை என்றார். அன்று நான் கற்றதை அன்பர்களுக்குச் சொல்கிறேன்.

3.6 கிலோவாட் கருவி 230 வோல்ட்டில் ஏறக்குறைய 16 ஆம்பியர் மின்சாரம் இழுக்கும். 13 ஆம்பியர் பிளக் அதைத் தாங்காது. ஆகவே மின்பெட்டியிலிருந்து தனி வயரும், குளியலறைக்கு வெளியே 20 ஆம்பியர் இருமுனை சுவிட்சும் வேண்டும். மலேசியாவின் 1994-ஆம் ஆண்டு மின்சார விதிமுறைகளின்படி, தரை ஈரமாகும் இடங்களில் 10 மில்லிஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. அவசியம். அது அடிக்கடி துண்டித்தால் கழற்றிவிடாதீர்கள். கசிவைத் தேடச் சொல்லுங்கள்.

குழாய் வேலையிலும் கவனம் தேவை. உடனடியாகச் சூடாக்கும் கருவியில் நீர் நுழையும் பக்கம் மட்டுமே அடைப்பு வால்வு இருக்கலாம். வெளியேறும் பக்கம் கூடாது. தொட்டி வகையில் அழுத்தம் நீக்கும் வால்வு சொட்டுகிறதென்று அதை அடைத்தால் தொட்டி வெடிக்கக்கூடும். சிரிம் முத்திரையுள்ள கருவியை வாங்கி, பதிவு பெற்ற வயர்மேனைக் கொண்டே பொருத்துங்கள்.

ஆர்.சி.சி.பி.யின் சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்துங்கள். மின்சாரம் நிற்காவிட்டால் அது பழுது. தீபாவளி விடியற்காலை எண்ணெய் முழுக்குக்கு முன்னரும் மறவாமல் சோதியுங்கள். எல்லா இல்லங்களிலும் கங்கா ஸ்நானம் மங்களமாய் அமைய இறைவன் அருள்க!