டிரைலோபைட்டுகள்

டிரைலோபைட்டுகள் என்பவை பழங்காலக் கடல்களில் வாழ்ந்து முற்றாக அழிந்துபோன கணுக்காலி விலங்குகள் ஆகும். இறால், நண்டு, தேள், பூச்சிகள் ஆகியவை அடங்கிய தொகுதியையே இவையும் சேர்ந்தவை. ஏறத்தாழ 52 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் கேம்பிரியன் காலத்தில் இவற்றின் புதைபடிவங்கள் தென்படத் தொடங்குகின்றன. சுமார் 25 கோடி ஆண்டுகளுக்கு முன்னர், பெர்மியன் காலத்தின் இறுதியில் நிகழ்ந்த பேரழிவுடன் இவை மறைந்தன. இதுவரை 20,000-க்கும் மேற்பட்ட இனங்கள் விவரிக்கப்பட்டுள்ளன.

உடலமைப்பும் புதைபடிவங்களும்

டிரைலோபைட்டு என்னும் பெயருக்கு மூன்று மடல்களை உடையது என்பது பொருள். தலை, மார்பு, வால் ஆகிய மூன்று பகுதிகளையே இப்பெயர் குறிப்பதாகப் பலர் கருதுவர், அது சரியன்று. நடுவில் ஓர் அச்சு மடலும் அதன் இருபுறமும் பக்க மடல்களுமாக, உடல் நீளவாக்கில் மூன்றாகப் பிரிந்திருப்பதே பெயருக்குக் காரணம்.

முதுகுப்புற ஓடு கால்சைட்டு என்னும் கனிமத்தால் இறுகியிருந்தமையால் எளிதில் புதைபடிவமாயிற்று. கண்ணின் வில்லைகளும் இதே கனிமத்தால் ஆனவை என்பது வியப்புக்குரியது. கால்களும் உணர்கொம்புகளும் மிக அரிதாகவே கிடைக்கின்றன. நண்டைப் போல இவையும் வளரும்போது ஓட்டைக் கழற்றின. எனவே ஒரே விலங்கு பல படிவங்களை விட்டுச் சென்றிருக்கலாம். படிவங்களின் எண்ணிக்கையை விலங்குகளின் எண்ணிக்கையாகக் கொள்ளுதல் ஆகாது. மரவட்டையைப் போல உடலைச் சுருட்டிக்கொண்ட நிலையிலும் சில கிடைத்துள்ளன.

இந்தியாவில்

இமாச்சலப் பிரதேசத்தின் ஸ்பிட்டிப் பகுதியில் இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையைச் சேர்ந்த ஹென்றி ஹேடன் சேகரித்த கேம்பிரியன் படிவங்களை, கௌப்பர் ரீட் 1910-இல் விவரித்து வெளியிட்டார். அவற்றுள் ஒன்றுக்கு அவர் இட்ட இனப்பெயர் இண்டிகஸ். இன்று ஒரிக்டோசெபாலஸ் இண்டிகஸ் என வழங்கும் இவ்வினம் சீனாவிலும் கிடைத்தது. 2018-இல் கேம்பிரியன் காலத்தின் வூலியுவன் கட்டத்தை வரையறுத்தபோது, சீனாவின் குய்சோ மாகாணப் பாறையடுக்கில் இவ்வினம் முதன்முதலாகத் தோன்றும் இடமே உலகப் பொது எல்லையாக ஏற்கப்பட்டது. இவ்வாறு, இமயமலைப் படிவம் ஒன்றுக்கு இடப்பட்ட பெயர் உலகின் புவியியல் காலக்கணக்கில் இடம்பெற்றுள்ளது.

தமிழ்நாட்டில் ஏன் இல்லை?

சென்னையை அடுத்த பல்லாவரம், பரங்கிமலைக் குன்றுகளின் சார்னோக்கைட்டுப் பாறை ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகள் பழமையானது. அது நிலத்தின் ஆழத்தில் கடும் வெப்பத்தில் உருவானதால், அதில் எவ்வுயிரின் படிவத்தையும் எதிர்பார்க்க இயலாது. மறுபுறம், அடையாறு, மயிலாப்பூர்ப் பகுதிகளின் மேற்பரப்பில் உள்ள ஆற்று வண்டலும் கடற்கரை மணலும் புவியியல் நோக்கில் நேற்றையவை. திருப்பெரும்புதூர்ப் பகுதியில் இலைப் படிவங்கள் கிடைக்கும் பாறைகளும் டிரைலோபைட்டுகள் அழிந்த பின்னர் உருவானவையே. இடைப்பட்ட டிரைலோபைட்டுக் காலத்துக் கடற்படிவுகள் தமிழ்நாட்டில் இல்லை.

அரியலூர்ப் பகுதியில் ஏராளமான கடல்வாழ் உயிரினங்களின் படிவங்கள் உண்டு. கே, கன்லிஃப் ஆகியோர் தென்னிந்தியாவில் சேகரித்தவற்றை எட்வர்ட் ஃபோர்ப்ஸ் 1846-இல் விவரித்தார். ஆயினும் அங்குக் காணப்படும் சுருள் வடிவ அம்மோனைட்டுகள் கணவாயின் உறவினங்கள், டிரைலோபைட்டுகள் அல்ல. அப்பாறைகள் கிரெட்டேசியக் காலத்தவை; அவற்றுள் மிகப் பழையன படிந்தபோதே டிரைலோபைட்டுகள் மறைந்து சுமார் 14 கோடி ஆண்டுகள் கழிந்திருந்தன.