போனஸ் பணத்தில் ஒரு பெடல்

பனியன் கம்பெனிக்குப் போகும் பிள்ளை, தீபாவளி போனஸோடு வந்து, "அம்மா, பேஸ் கிடாருக்கு மல்டி எஃபெக்ட்ஸ் பெடல் வாங்கட்டுமா?" என்றால் திகைக்காதீர்கள். தந்தியின் நாதத்தைப் பலவிதமாக மாற்றிக் காட்டும் சிறு பெட்டிதான் அது.

நூறு விதச் சத்தம் என்று கடைக்காரர் ஆசை காட்டுவார். (புடவைக் கடையில் நாம் பார்க்காததா!) பேஸின் அடித்தந்தி விநாடிக்குச் சுமார் 41 முறைதான் அதிர்கிறது. சாதாரணக் கிடாருக்கென்று செய்த பெடல்களில் பல அந்தக் கனத்தை மெலிய வைத்துவிடும். ஆகவே, பேஸுக்கென்றே செய்ததா, கரகரப்பைக் கூட்டும்போது அசல் நாதத்தையும் கலக்க வழி உண்டா என்று வாசித்துப் பார்த்தே வாங்கட்டும். ஸூம் பி1 ஃபோர் போன்றவை நான்கு பென் டார்ச் செல்லிலேயே ஓடும். சுருதி பார்க்கும் கருவியும் உள்ளேயே உண்டு.

ஹெட்போன் துளையை மட்டும் நீங்களே பாருங்கள். லைன் வீட்டில், இரவு ஷிப்ட் முடித்துப் பகலில் தூங்குகிறவர்கள் சுவருக்கு அந்தப் பக்கம்தானே இருக்கிறார்கள்!