இரு வேர் கொண்ட ஒரு சொல்

அபர்தீன் கடைத்தெருவில் பொருள் வாங்கியவரிடம், "கேஷா, யு.பி.ஐ.யா?" என்று கடைக்காரர் கேட்பார். இந்தி, வங்காளம், தெலுங்கு, தமிழ் என எம்மொழி பேசுவோரும் 'கேஷ்' என்னும் ஆங்கிலச் சொல்லை அறிவர். அதனைக் கேட்கும் தமிழ் மாணவர்க்குக் 'காசு' நினைவுக்கு வருதல் இயல்பே. 'கேஷ், காசிலிருந்து பிறந்தது' என்று கூறுவோரும் உளர். அக்கூற்று பாதி உண்மை. எந்தப் பாதி என்பதைக் காண்போம்.

ரொக்கப் பணத்தைக் குறிக்கும் 'கேஷ்' ஐரோப்பாவில் தோன்றியது. லத்தீன் மொழியில் 'காப்சா' என்றால் பெட்டி. அது இத்தாலிய, பிரெஞ்சு மொழிகளின் வழியாக ஆங்கிலத்தை அடைந்தது. முதலில் பணப்பெட்டியைக் குறித்தது. பின்னர்ப் பெட்டியிலுள்ள பணத்தையே குறிக்கலாயிற்று.

ஆங்கில அகராதிகளில் அதே எழுத்துகளில் மற்றொரு 'கேஷ்' உண்டு. அதன் பொருள், கீழை நாடுகளில் வழங்கிய சிறு நாணயம் என்பது. அதுவே நம் 'காசு'. 16-ஆம் நூற்றாண்டில் இங்கு வந்த போர்த்துகீசியர் இச்சொல்லைக் கேட்டுத் தம் மொழியில் 'காய்ஷா' என்று எழுதினர். அவர்கள் மொழியில் 'காய்ஷா' என்பதற்கு முன்பே பெட்டி என்னும் பொருளும் இருந்தது. இவ்வாறு இரு வேறு சொற்கள் ஒரே உருவம் பெற்றன. சீனத்தின் சதுரத் துளையிட்ட நாணயத்தையும் ஆங்கிலேயர் 'கேஷ்' என்றே அழைத்தனர். சீனர் அதனை அப்பெயரால் அழைத்ததில்லை; தமிழ்க் கரையில் பிறந்த பெயரே அங்கும் சென்றது.

ஆங்கிலேயர் ஆண்ட சென்னையில் 80 காசு ஒரு பணம். 42 பணம் ஒரு வராகன். 1803-இல் கிழக்கிந்தியக் கும்பினி சென்னை மாகாணத்திற்கென வெளியிட்ட செப்பு நாணயங்களில் 'கேஷ்' என்றே பொறிக்கப்பட்டது. அத்தகைய நாணயங்களை ஏற்றி இந்தியாவுக்குப் புறப்பட்ட 'அட்மிரல் கார்ட்னர்' என்னும் கப்பல், 1809-இல் இங்கிலாந்தின் கென்ட் கரைக்கு அப்பாலுள்ள மணல்திட்டில் மோதி மூழ்கியது. ஏறத்தாழ 175 ஆண்டுகளுக்குப் பின் அந்நாணயங்கள் கடலிலிருந்து எடுக்கப்பட்டன.

'கேஷியர்' என்னும் சொல்லும் இத்தகையதே. பணம் வாங்குபவர் என்னும் பொருளில் அது பெட்டியின் வழி வந்தது. படை அதிகாரியை இழிவுபடுத்திப் பதவி நீக்குதல் என்னும் பொருளில் வரும் 'கேஷியர்' வேறு சொல்; 'செல்லாததாக்குதல்' என்னும் பொருளுடைய வேரிலிருந்து டச்சு மொழி வழியாக வந்தது.

தமிழிலும் 'காசு' ஒரு பொருளோடு நிற்பதன்று. நாணயம், மணி, குற்றம் ஆகியவற்றை அது குறிக்கும். வெண்பாவின் ஈற்றுச்சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்னும் நான்கு வாய்பாடுகளுள் ஒன்றால் முடியும் என்பது யாப்பிலக்கணம்.

ஒலி ஒத்திருப்பதனால் மட்டும் இரு சொற்கள் உறவாகா. சொல் எவ்வழியே வந்தது, யார் கொண்டுவந்தனர், என்ன பொருளில் வழங்கினர் என்று வினவுதல் வேண்டும். 'எல்லாம் தமிழே' என்று கூறுபவரின் கூற்று ஒருநாள் மறுக்கப்படும். அன்று அதிலுள்ள உண்மையான பாதியையும் எவரும் நம்பார். வீட்டில் வழங்கும் ஒரு சிறு சொல் கடல் கடந்து சீன நாணயத்துக்கும் பெயரானது என்பதே போதிய பெருமை. அதனைச் சான்றோடு எடுத்துரைப்பதே மொழிக்குச் செய்யும் தொண்டு.

பயிற்சி: 'கறி', 'கட்டுமரம்' ஆகிய சொற்கள் ஆங்கிலத்தில் எவ்வடிவம் பெற்றன? 'கறி' பெற்ற ஆங்கில வடிவத்திற்கு வேறு வேரிலிருந்து வந்த பொருளும் உண்டா? அகராதியில் தேடி எழுதுக.