மாட்சுவேயின் ஆங்கில ஆசான்

அந்நிய நாடு சென்று அயல்மொழி கற்பிக்கும் ஆசிரியனுக்குச் சோதனைகள் இரண்டு உண்டு. தன் மொழியை மாணாக்கர்க்கு அளித்தல் ஒன்று. அவர்தம் உள்ளத்தைத் தான் அறிதல் மற்றொன்று. இவ்விரண்டினும் தேறியவராக யப்பானியர் இன்றும் போற்றும் ஆங்கில ஆசிரியர் லஃப்காடியோ ஹேர்ண்.

1850இல் கிரேக்கத் தீவொன்றில், அயர்லாந்துத் தந்தைக்கும் கிரேக்கத் தாய்க்கும் பிறந்தவர். இளமையிலேயே ஒரு கண்ணின் பார்வையை இழந்தவர். அமெரிக்காவிற் பத்திரிகைத் தொழில் புரிந்தவர். 1890இல் யப்பானை அடைந்து, மாட்சுவே நகரின் நடுநிலைப் பாடசாலையிலும் ஆசிரிய பயிற்சிக் கலாசாலையிலும் ஆங்கிலம் கற்பிக்கலானார்.

மாணாக்கர் எழுதிய ஆங்கிலக் கட்டுரைகளில் அவர் ஒரு விந்தையைக் கண்டார். பூஜி மலையைப் பற்றி எழுதப் புகுந்தோர் பலரும், வானில் தலைகீழாகத் தொங்கும் பாதி விரிந்த வெண்விசிறிக்கே அதனை ஒப்பிட்டனர். ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதினர் என்று வேறோர் ஆசிரியர் சினந்திருக்கக்கூடும். ஹேர்ணோ, சீனத்திலும் யப்பானிலும் பன்னூற்றாண்டு வளர்ந்த கலைமரபே அவ்விளைஞரின் கண்ணாய் நின்று இயற்கையைக் காட்டுகின்றது என உணர்ந்தார். 1894இல் வெளிவந்த அவரது நூலில் இவ்வனுபவங்கள் விரிவாக இடம்பெற்றுள்ளன.

மாட்சுவேயில் அவர் மணந்த செட்சு அம்மையார் ஆங்கிலம் அறியார்; அவரோ யப்பானிய மொழியை முற்றக் கற்றாரல்லர். இருவரும் தமக்கெனச் சமைத்துக்கொண்ட எளிய யப்பானிய மொழியிலேயே அம்மையார் பழங்கதைகளைக் கூறினார். 1904இல் வெளியான ‘குவைடான்’ என்னும் ஆங்கில நூல் பெரிதும் அக்கதைகளாற் பிறந்தது.

1896இல் அவர் யப்பானியக் குடியுரிமை பெற்று, கொய்சுமி யாகுமோ எனப் பெயர் பூண்டார். அவ்வாண்டே டோக்கியோ அரச பல்கலைக்கழக விரிவுரையாளரானார். எளிய சொற்களால், மெல்ல மெல்ல அவர் உரைத்தவற்றை மாணாக்கர் சொல்லுக்குச் சொல் எழுதிக்கொண்டனர். அவர் மறைந்தபின் அக்குறிப்புகளே 1915இல் நியூயோர்க்கில் நூலுருப் பெற்றன.

ஆயினும் 1903இல் அவர் பதவி இழந்தார். மாணாக்கர் கிளர்ந்தும் பயனில்லை. அவ்விடத்திற்கு வந்தோருள் ஒருவர், இலண்டனிற் பயின்று மீண்ட நற்சுமே சொசெகி. தன் கல்வியைத் தன் அறிஞரிடம் ஒப்புவிக்க ஒரு நாடு விழைதல் முறையே. ஆனால் அந்நாட்டின் குடிமகனாகவே ஆகிவிட்டவருக்கு அம்முறை எத்துணைக் கசந்திருக்கும்! மறு ஆண்டே ஹேர்ண் காலமானார். சொசெகியும் 1907இல் அப்பதவியைத் துறந்து, நாவலாசிரியராய் அழியாப் புகழ் எய்தினார்.

1987இல் யப்பானிய அரசு, நான்கு நாடுகளிலிருந்து 848 பேரை அழைத்து ஒரு புதுத் திட்டம் தொடங்கியது. அதன்வழி வரும் இளைஞர் பெரும்பாலோர் யப்பானிய ஆசிரியருக்குத் துணைவராய் வகுப்பில் நிற்கின்றனர். பாடத்தை வாசித்துக்காட்டும் பேசும் பொறியாக மட்டுமே தம்மைப் பயன்படுத்துவதாக அவருட் சிலர் குறைகூறுவதுண்டு. அக்குறை நியாயமானதே. உச்சரிப்பைப் பொறியும் கற்பிக்கும். முப்பது கட்டுரைகளில் ஒரே விசிறி விரியக் கண்டு, அதன் காரணத்தைத் தேடிச் செல்ல ஆசிரியன் ஒருவனே வேண்டும்.